பள்ளிக்கூட நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி

கேள்வி:

என் மகளுக்கு வயது 11. ஊரிலிருந்த தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை முதல் ஆளாகக் கிளம்புவாள். இந்த ஜூனில் டவுன் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தோம். ஆகஸ்டில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் லீவு. அதிலிருந்து காலை ஏழு மணியானால் வயிற்றுவலி, குமட்டல், பஸ் வரும் நேரத்தில் அழுகை. பத்து மணிக்கு மேல் பாட்டியோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே நன்றாகச் சாப்பிடுகிறாள். சனி, ஞாயிறு வலியே இல்லை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். கணவருக்குத் திருப்பூரில் வேலை. “எல்லாம் நடிப்பு, நீ கொடுக்கிற செல்லம்” என்கிறார். ஒரு நாள் அடித்து அனுப்புகிறேன், மறுநாள் மனசு கேட்காமல் விட்டுவிடுகிறேன். என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடிப்பில்லை. பயம் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து குடலின் அசைவு மாறும். வயிறு பிசையும், குமட்டும். காலையில் கூடி, லீவு உறுதியானதும் தணிந்து, விடுமுறையில் தலைகாட்டாமல் இருப்பது பதட்டத்தால் வரும் வலியின் குணம். இதைப் ‘பள்ளி மறுப்பு’ என்கிறோம். 5, 6 வயதிலும் 10, 11 வயதிலும் அதிகம் தென்படும். இரண்டுமே பள்ளி மாறும் பருவம்.

காய்ச்சல் லீவு முடிந்தபோது எழுதாத நோட்டும் பழகாத வகுப்பும் அவளுக்காகக் காத்திருந்தன. போகப் பயம். “சரி, இன்னிக்கு இரு” என்றதும் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. மறுநாள் பாடம் இன்னும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், பயமும் கூடியிருக்கும். ஒரு நாள் அடி, ஒரு நாள் லீவு என்று மாறி மாறி நடப்பதுதான் இதில் மிக மோசம். இன்னும் கொஞ்சம் அழுதால் விட்டுவிடுவார்கள் என்றே குழந்தை கற்றுக்கொள்கிறது.

எதிலிருந்து விலகுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி நான்கு காரணங்களைச் சொல்கிறார்: பள்ளியில் ஏதோ ஒன்று தரும் கலக்கம், பலர் முன் பேசவோ தேர்வெழுதவோ பயம், வீட்டாரின் கவனம், வீட்டில் கிடைக்கும் சுகம். உங்கள் மகளிடம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். “ஏன் போகமாட்டேங்கிற?” என்று கேட்டால் “தெரியல” என்றுதான் வரும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பஸ், பிரேயர், முதல் பீரியட், இடைவேளை, சாப்பாடு, கழிப்பறை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். நிரப்பியது நிரப்பியபடி திரும்பி வந்தால், கழிப்பறைக்குப் போக அஞ்சி தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள் என்று சந்தேகிக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு போதும், பெண் குழந்தை பள்ளியை வெறுக்க. யாராவது மிரட்டுவதாகவோ தொடுவதாகவோ சொன்னால் முழுதாக நம்புங்கள். திருப்பி அனுப்பும் பேச்சை நிறுத்தி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

அப்படி ஆபத்து எதுவும் இல்லையென்றால், தாமதிக்காமல் படிப்படியாகத் திரும்ப வேண்டும். வகுப்பாசிரியரை முன்பே பார்த்துப் பேசிவிடுங்கள். முதல் இரண்டு நாள் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, பள்ளி வாசல் வரை போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரட்டும். பிறகு நூலகத்திலோ ஆசிரியர் அறையிலோ ஒரு மணி நேரம். பிறகு பிடித்த பாடம் இருக்கும் இரண்டு பீரியட். பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று நாள் போதும். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். அரை மணி, முக்கால் மணி பொறுத்தால் தானாகத் தணியத் தொடங்கும். தணிந்த பிறகு கிளம்பினால்தான் அவள் உடம்பு அதைக் கற்கும்.

காலையில் வலியைப் பற்றி விசாரணை வேண்டாம். “வலிக்குதுன்னு தெரியுது கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று ஒருமுறை சொன்னால் போதும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் லீவு. இரவில் எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் ரத்தம் இருந்தால் மீண்டும் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் தங்கும் நாளில் மாலை நான்கு மணி வரை டிவி, போன் கிடையாது, பாடப்புத்தகம் மட்டும். பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் ஒத்துழைக்காமல் இது நடக்காது. கணவரிடம் தினமும் மாலை ஐந்து நிமிடம் மகளோடு போனில் பேசச் சொல்லுங்கள். அன்று ஏறிய படியைப் பற்றி மட்டும்.

முதல் வாரம் அழுகை கூடும். அந்த வாரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் முயன்றும் நகரவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சரியாகிவிட்டாள் என்றிருக்கும்போது, அரையாண்டு விடுமுறையோ பொங்கல் லீவோ முடிந்த முதல் காலையில் வயிற்றுவலி திரும்ப வரக்கூடும். முந்தின நாள் மாலையே பையை அடுக்கவைத்து, பள்ளி வாசல் வரை ஒரு நடை அழைத்துப் போய் வாருங்கள். அன்று காலை அழுதாலும் முழு நாளுக்கே அனுப்புங்கள்.