பவுலின் அபிப்பிராயம் அக்காவின் கல்யாணத்தைத் தடுக்குமா?

பாறசாலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அத்தான் தவறி மூன்று வருடமாகிறது. அக்காவுக்கு வயது 31, சிறு குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறார். களியக்காவிளையிலிருந்து நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறது, மாப்பிள்ளையும் சபைக்காரர்தான். ஆனால் பெரியப்பா, அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்திலிருந்து 1 கொரிந்தியர் 7:40-ஐக் காட்டி, "விதவை அப்படியே இருந்தால்தான் பாக்கியவதி, வேதமே சொல்லுது" என்று பிடிவாதமாக நிற்கிறாராம். அந்த வசனத்திலேயே பவுல் "என்னுடைய அபிப்பிராயத்தின்படியே" என்கிறாரே, ஒருவருடைய சொந்த அபிப்பிராயமும் தேவ ஆவியால் அருளப்பட்டதுதானா என்று தம்பி கேட்கிறார்.

ஆம், அருளப்பட்டதுதான். "வேதவாக்கியங்களெல்லாம்" என்றுதான் 2 தீமோத்தேயு 3:16 சொல்கிறது. பவுலின் நிருபங்களை, அதாவது கடிதங்களை, மற்ற வேதவாக்கியங்களோடு சேர்த்தே பேசுகிறது 2 பேதுரு 3:16. 'இது பவுலின் சொந்தக் கருத்து, விட்டுத்தள்ளு' என்று தம்பி பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். அந்த வழியில் போனால் பிடிக்காத வசனத்தையெல்லாம் கழித்துவிடலாம்.

ஆனால் அருளப்பட்டது என்ன என்று பாருங்கள். ஒரு ஆலோசனை, ஆலோசனையாகவே அருளப்பட்டிருக்கிறது. இந்த அதிகாரம் முழுவதும் பவுல் அதில் அத்தனை கவனமாக இருக்கிறார். 10-ஆம் வசனத்தில் "நானல்ல, கர்த்தரே" என்கிறார், ஏனென்றால் மனைவியைத் தள்ளிவிடுவதைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், மாற்கு 10-இல் இருக்கிறது. 12-இல் "கர்த்தர் அல்ல, நானே" என்கிறார், அவிசுவாசியான துணையோடு வாழ்வதைப் பற்றி இயேசு சொன்ன வார்த்தை எதுவும் அவர் கையில் இல்லை. 25-இல் கன்னிகைகளைப் பற்றிக் கட்டளை இல்லை, அபிப்பிராயம் சொல்கிறேன் என்கிறார். 35-இல் "கண்ணியில் அகப்படுத்த" இதைச் சொல்லவில்லை என்றே எழுதிவிட்டார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படித் தெளிவாகச் சொல்வது? கட்டளை இல்லை என்று அவர் சொன்னதும் வேதவாக்கியம்தானே. அவர் அபிப்பிராயத்தைச் சட்டமாக்குகிறவர், வேதத்துக்கு அதிக மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அதை மீறுகிறார்.

பெரியப்பா 40-ஐ மட்டும் வாசிக்கிறார். அதற்கு முந்தைய வசனம் இருக்கிறதே! புருஷன் மரித்தபின் கர்த்தருக்குட்பட்ட ஒருவரைத் தனக்கு இஷ்டப்படி விவாகம்பண்ண அவள் "விடுதலையாயிருக்கிறாள்." அபிப்பிராயம் வருவது அந்த விடுதலையைச் சொன்ன பிறகுதான். அதுவும் கொரிந்து சபை ஏதோ நெருக்கடியில் இருந்த நேரம், 26-ஆம் வசனம் "இப்பொழுது உண்டாயிருக்கும் துன்பத்தினிமித்தம்" என்கிறது. 1 தீமோத்தேயு 5:14-இல் அதே பவுலின் பெயரில் வரும் ஆலோசனை என்ன தெரியுமா? இளவயது விதவைகள் விவாகம்பண்ண வேண்டும் என்பது. கொரிந்துக்குச் சொன்னதைச் சட்டமாக்கினால், இதையும் சட்டமாக்கி எல்லா இளம் விதவைகளையும் கட்டாயமாகக் கட்டிக்கொடுக்க வேண்டிவரும்.

ஒன்று மட்டும் மறந்துவிடக் கூடாது. கட்டளை இல்லாத ஆலோசனையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தனியாக இருந்து ஊழியத்தில் மனநிறைவு காணும் விதவைகள் நம் சபைகளில் உண்டு, அவர்களுக்கு 40-ஆம் வசனம் பெரிய பலம். உங்கள் அக்காவுக்கு அந்த மனது இருக்கிறதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், அக்கா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் அவரிடம் பேசுங்கள். சம்மதம் என்றால், பெரியப்பாவோடு உட்கார்ந்து 39-ஐயும் 40-ஐயும் சேர்த்துச் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் இரண்டு பேருமாகவே ஆயரைப் போய்ப் பாருங்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆனாலும் கத்தோலிக்கம் ஆனாலும் விதவை மறுமணத்துக்குத் தடை இல்லை. அத்தானின் இறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்து வையுங்கள், சபையில் திருமண அறிக்கை வாசிப்பதற்கு முன் கேட்பார்கள்.