600 மீட்டர் புல் ரன்வேயில் செஸ்னாவை இறக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) எடுத்தேன். கிளப்பின் செஸ்னா 172எஸ் விமானத்தைத்தான் ஓட்டுகிறேன். பழகியதெல்லாம் ஒன்றரை கிலோமீட்டர் தார் ரன்வேயில். நண்பர் ஒருவர் தன் பண்ணையில் உள்ள 600 மீட்டர் புல் ரன்வேக்கு வரச் சொல்கிறார். இறங்கும் பக்கத்தில் உயரமான மரங்கள் இருக்கின்றன. எனக்கு ஒரு குறை: இறங்கும்போது விமானம் ரன்வேக்கு மேலே மிதந்துகொண்டே போகும், சக்கரம் சீக்கிரம் தரையைத் தொடாது. மனைவியையும் அழைத்துப் போக ஆசை. போகலாமா? எப்படி இறக்குவது?

பதில்: மனைவியோடு, டாங்க் நிறைய எரிபொருளோடு என்றால் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் மட்டும், பாதி டாங்கோடு, புல் காய்ந்திருக்கும் ஒரு நாளில், அதுவும் ஒரு பயிற்றுநரோடு பழகிய பிறகு என்றால் போகலாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்த்துவிடுவோம். குட்டை ரன்வேயில் நடக்கும் விபத்துகளில் பலவற்றை, வீட்டில் உட்கார்ந்து பென்சிலும் பேப்பருமாக ஒரு மணி நேரம் செலவழித்திருந்தாலே தவிர்த்திருக்கலாம்.

172எஸ் கையேட்டில் உள்ள கணக்கு இது. முழு எடை 2,550 பவுண்டு, கடல்மட்டம், 15 டிகிரி வெப்பம், காற்றில்லை, காய்ந்த தார்த்தளம். 50 அடி உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1,335 அடி, அதாவது 407 மீட்டர் வேண்டும். அதில் தரையில் ஓடுவது 575 அடி. 407 எங்கே, 600 எங்கே, தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த எண் புது விமானத்தில், புது பிரேக்கோடு, கைதேர்ந்த சோதனை விமானி எடுத்தது. அதனால்தான் பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளுக்குச் சில பெருக்கல் எண்களைச் சொல்லித் தந்திருக்கிறது. காய்ந்த புல்லுக்கு 1.15. அதற்கு மேல் பொதுப் பாதுகாப்புக்கு 1.43. இரண்டையும் பெருக்கினால் 407 மீட்டர் 669 ஆகிறது. 600-ஐத் தாண்டிவிட்டது.

இறங்குவதைவிட முக்கியமானது திரும்பக் கிளம்புவது. இதே விமானம் 50 அடி தடையைத் தாண்டிக் கிளம்ப 1,630 அடி, அதாவது 497 மீட்டர் வேண்டும். புல்லுக்கு 1.2, பாதுகாப்புக்கு 1.33 என்று பெருக்கினால் 793 மீட்டர். நன்றாக இறங்கிவிட்டு, திரும்பக் கிளம்ப வழியில்லாமல் விமானத்தை இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள் பாடு பரவாயில்லை. எப்படியும் கிளம்பித்தான் பார்ப்போமே என்று, இயந்திர விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியவர்கள் பாடுதான் மோசம்.

நீங்கள் இருவரும் முழு டாங்கோடு போனால், எடை உச்சவரம்பைவிடப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருக்கும். அப்போது இறங்க வேண்டிய தூரம் 600-ஐ ஒட்டி வரும், கிளம்ப 650-ஐ ஒட்டி வரும். போதாது. தனியாக, பாதி டாங்கோடு போனால் விமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசாகிவிடும். இறங்குவது, கிளம்புவது இரண்டுமே 550 மீட்டருக்குள் அடங்கும். கிளம்பும் தூரத்துக்குக் கையேட்டில் 2,400, 2,200 பவுண்டுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. என் தோராயத்தை நம்பாமல், அன்றைய வெப்பநிலையையும் உயரத்தையும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். எதிர்க்காற்று இருந்தால் லாபம்தான், ஆனால் அதில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். பின்காற்று என்றால், கையேட்டின்படி ஒவ்வொரு 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்துக்கும் தூரம் 10 விழுக்காடு கூடும். புல் ஈரமாக இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். ஒட்ட வெட்டிய ஈரப்புல்லில் இறங்கும் தூரம் 60 விழுக்காடு வரை கூடலாம் என்று அதே ஆணையம் எச்சரிக்கிறது. பிரேக்கை மிதிப்பீர்கள், சக்கரம் நின்றுவிடும், விமானம் வழுக்கிக்கொண்டே போகும்.

இனி நீங்கள் சொன்ன மிதக்கும் குறை. அது கையின் குறை இல்லை, வேகத்தின் குறை. நீளமான ரன்வேயில் பழகியவர்கள் ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக வரும் கடைசிக் கட்டத்தில், 65, 70 நாட்டில் வருவார்கள். அங்கே இடம் கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை. குட்டை ரன்வேக்குக் கையேடு சொல்வது முழு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை), 61 நாட். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் விமானத்தின் இயக்க ஆற்றல் கூடும். 61-க்குப் பதில் 70-இல் வந்தால் கூடுதலாக மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைச் சுமந்துகொண்டு வருகிறீர்கள். அது எங்காவது செலவாக வேண்டும். தரைக்கு ஒரு மீட்டர் மேலே, இறக்கைக்கும் புல்லுக்கும் நடுவே காற்று மெத்தை போட்டதுபோல் விமானம் மிதக்கிறதே, அங்கேதான் அது செலவாகிறது. 61 நாட் என்பது வினாடிக்கு 31 மீட்டர். வெறும் 5 வினாடி மிதந்தால் 150 மீட்டர் போச்சு. உங்கள் நண்பரின் ரன்வேயில் அது கால் பங்கு.

இன்னொன்று. அந்த 61 முழு எடைக்கான வேகம். பாதி டாங்கில் தனியாகப் போகும்போது விமானம் இன்னும் குறைந்த வேகத்தில்தான் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். ஆகவே அதே 61-இல் வந்தாலும் கொஞ்சம் மிதக்கும். எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பயிற்றுநரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்களாகக் குறைத்துப் பார்க்காதீர்கள். மெதுவாக வருவது நல்லதுதான், அளவுக்கு மீறி மெதுவாக வந்தால் மரத்துக்கு மேலேயே ஸ்டால் ஆகும்.

அந்த 61 நாட்டை எங்கே பிடிக்க வேண்டும்? மரத்துக்குப் பக்கத்தில் வந்து பிடிக்க முடியாது. தரையிலிருந்து 500 அடி உயரத்திலேயே ஃபிளாப் முழுதாக இறங்கி, வேகம் 61-இல் நின்று, கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும்படி ட்ரிம் செய்திருக்க வேண்டும். அதன்பிறகு மூக்கின் நிலையால் வேகத்தையும், த்ராட்டிலால் இறங்கும் கோணத்தையும் பாருங்கள். முன்கண்ணாடி வழியே இறங்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு வெள்ளை அடையாளம், ஒரு புல் திட்டு, எதுவானாலும் சரி. அது கண்ணாடியில் அசையாமல் நின்றால் சரியாக வருகிறீர்கள். மேலே நகர்ந்தால் எட்டாமல் விழப்போகிறீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டிப் போகிறீர்கள். சக்கரம் தொடும் இடம் இந்தப் புள்ளிக்கு அப்பால்தான் இருக்கும். ஃப்ளேர் செய்யும்போது, அதாவது தரையைத் தொடுவதற்கு முன் மூக்கை மெல்லத் தூக்கும்போது, கொஞ்ச தூரம் போகும் அல்லவா, அதையும் சேர்த்து முன்னதாகவே புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

கண் ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அகலமான ரன்வேயில் பழகிய கண்ணுக்கு, ஒடுக்கமான ரன்வேயைப் பார்த்தால் நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ரன்வே எதிரே மேடாக ஏறினாலும் அப்படித்தான். உடனே கை தானாக விமானத்தைக் கீழே இறக்கும், மரமோ வேலியோ எதிரே வந்து நிற்கும். கண் உயரம் என்று சொன்னாலும், உயரமானியைப் பாருங்கள், அந்தப் புள்ளியையும் பாருங்கள்.

மரங்களைத் தாண்டும் நேரத்தில் பலருக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, பயத்தில் மூக்கைத் தூக்கி வேகத்தை இழப்பது. மற்றது, தாண்டியவுடன் மூக்கைக் குத்தி ரன்வேயைப் பிடிக்கப் பார்ப்பது. குத்தினால் வேகம் 70-க்கு ஏறும், மறுபடி மிதப்பீர்கள். மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மரத்தைத் தாண்டிய பின் த்ராட்டிலைப் படிப்படியாக இழுத்தால் போதும். ஒரேயடியாக இழுத்தால் விமானம் சட்டென்று அமிழும். அந்தக் குறைந்த வேகத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க, மூக்கைத் தூக்கும் வால்பலகையான எலிவேட்டருக்குத் தெம்பு இருக்காது. மரத்துக்குப் பின்னால் காற்றும் குறையும், கீழ்நோக்கி இழுக்கும். அதனால் கை த்ராட்டிலைவிட்டு விலகவே கூடாது.

தரையைத் தொடும்போது பெரிய சக்கரங்கள் முதலில். பூப்போல இறக்க ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் அழுத்தமாகத் தொட்டால்தான் நல்லது. மூக்குச் சக்கரம் இறங்கியதும் ஃபிளாப்பை மேலே ஏற்றுங்கள், விமானத்தின் எடை சக்கரத்துக்கு வந்து பிரேக் பிடிக்கும். உங்கள் 172எஸ்-இல் சக்கரம் மடங்காது என்பதால் இது ஆபத்தில்லை. சக்கரம் மடங்கும் விமானத்துக்கு நாளைக்கு மாறினால் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அவசரத்தில் கை தவறான நெம்புகோலுக்குப் போகும். கண்ட்ரோலை நன்றாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு பிரேக்கை மிதியுங்கள்.

இறங்குவதைப் பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனால் என் மாணவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே கிளம்புவதைத்தான். கிளம்புவதா இல்லையா என்பதை மேலே பறக்கும்போது யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே இரண்டு வாசல்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, மரத்தின் மேல். அங்கே வேகம் 65-ஐத் தாண்டியிருந்தாலோ, ரன்வேயின் நடுக்கோட்டில் இல்லாமல் இருந்தாலோ, த்ராட்டில் முழுக்க உள்ளே, கிளம்பு. இரண்டாவது, ரன்வேயின் முதல் 200 மீட்டர். அதைத் தாண்டும்போது சக்கரம் தரையில் இல்லை என்றால், கிளம்பு. அங்கே ஒரு அடையாளம் இருக்கட்டும்: ஒரு கம்பமோ, சிவப்பு வாளியோ, நண்பரிடம் சொன்னால் வைத்துத் தருவார். கிளம்பும்போது முழு த்ராட்டில், உடனே ஃபிளாப் 20-க்கு, வேகம் 60. முழு ஃபிளாப்போடு 172 ஏறவே முடியாமல் திணறும். எதிர்முனையில் என்ன இருக்கிறது, அதைத் தாண்ட எவ்வளவு தூரம் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் சக்கரம் தொட்டு பிரேக்கையும் மிதித்துவிட்டால், மனசு மாறாதீர்கள். 15 நாட் வேகத்தில் எதிர்முனை வேலிக்குள் போனால் விமானம் அடிபடும், நீங்கள் நடந்து வெளியே வருவீர்கள். 50 நாட்டில் மரத்தில் மோதினால் வரமாட்டீர்கள்.

இப்படி இறங்காமல் மேலே கிளம்பும் வாய்ப்பு இருக்கிறதே என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். நேபாளத்தின் லுக்லாவில் அது கிடையாது. எவரெஸ்டுக்கு நடப்பவர்கள் இறங்கும் அந்த ரன்வே 527 மீட்டர் நீளம், 2,845 மீட்டர் உயரம். எதிரே மலைச்சுவர். ஏறத்தாழ 12 விழுக்காடு சரிவு. கீழ்முனையைவிட மேல்முனை சுமார் 60 மீட்டர் உயரம். மேட்டில் ஏறும்படி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்புவார்கள், காற்று எப்படி இருந்தாலும் அந்த ஒரே திசைதான். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், கருவி 61 நாட் காட்டினால் உண்மை வேகம் 70. சரிவு விமானத்தை நிறுத்தித் தருவதால்தான் அங்கே இறங்கவே முடிகிறது. ஃபைனலில் ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்ப இடமில்லை. 2008 அக்டோபரில் யெட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் விமானம் ஒன்று மேகத்துக்குள் ரன்வேயின் விளிம்புக்கு முன்னால் மோதி 18 பேர் இறந்தார்கள், கேப்டன் மட்டும் பிழைத்தார். அங்கே ஓட்டுபவர்கள் பலமுறை பயிற்றுநரோடு போய்வந்த பிறகே தனியாகப் போக விடப்படுகிறார்கள். பிரான்சின் கூர்ஷவெல் மலை ரன்வே 537 மீட்டர், சரிவு 18 விழுக்காட்டுக்கு மேல். அங்கேயும் தனித் தகுதியோ அனுமதியோ இல்லாமல் இறங்க முடியாது. உங்கள் நண்பரின் பண்ணைக்கு எந்தத் தகுதியும் சட்டம் கேட்காது. அதனால் நீங்களேதான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? உங்கள் கிளப் ரன்வேயிலேயே 600 மீட்டரை அளந்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்து விளக்குகளின் இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் எண்ணிப் பார்த்து அளக்கலாம். முதலில் 3,000 அடி உயரத்தில் முழு ஃபிளாப்போடு 61 நாட்டில் பறந்து, விமானம் அந்த வேகத்தில் எப்படிக் கையில் கனக்கிறது என்று பழகுங்கள். பிறகு பயிற்றுநரோடு அந்த அளந்த தூரத்துக்குள் நிறுத்தப் பழகுங்கள். ஒன்றிரண்டு முறை சரியாக வந்தது போதாது. காற்று மாறிய நாளிலும், களைத்திருக்கும் நாளிலும் வர வேண்டும். எத்தனை முறை இறங்காமல் மேலே கிளம்பினீர்கள் என்பதையும் பயிற்றுநர் பார்க்கட்டும். அப்புறம் அவரோடு ஏதாவது ஒரு நீளமான புல் ரன்வேக்குப் போய் வாருங்கள், புல்லில் சக்கரம் உருளும் விதமே வேறு.

நண்பரின் பண்ணைக்கு முதல் தடவை காரில் போங்கள். மனைவியையும் அப்போது கூட்டிக்கொண்டு போகலாம். ரன்வேயை முனையிலிருந்து முனை வரை நடந்து பாருங்கள். 600 என்று அவர் சொன்னது வேலிக்கு வேலியா, புல் வெட்டிய பகுதி மட்டுமா? அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். குதிகாலால் மண்ணைக் குத்திப் பாருங்கள், அமுங்கினால் சக்கரமும் அமுங்கும். எலி வளை, மோல் என்ற வளை தோண்டும் சிறு விலங்கு தள்ளிய மண்மேடு, நடுவில் குழி, சரிவு எந்தப் பக்கம், மின்கம்பி எங்கே ஓடுகிறது, மரத்தின் உயரம் உண்மையில் 50 அடிதானா, இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். 50 அடிக்கு மேல் என்றால் மேலே போட்ட கணக்கு எல்லாம் மாறும், ரன்வேயின் தொடக்கத்தை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருக்கும். கிளப்பின் விமானம் என்பதால் அவர்கள் விதியையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படியுங்கள். தனியார் புல் ரன்வேயில் இறங்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தால் மற்றதெல்லாம் பிறகுதான்.

கிளம்பும் நாள் காலையில் நண்பருக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: புல் காய்ந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கம்? நேற்று மழை பெய்தது என்று சொன்னால், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு விமானத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.