35 நாள் பொறுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தக்கலைப் பக்கம். 2023 மார்ச்சில் நேரே பிஆர் (நிரந்தரவாசி) ஆகவே கனடா வந்தேன். நடுவில் 2025 ஜனவரியில் தங்கச்சி கல்யாணத்துக்கு 35 நாள் ஊரில் இருந்தேன். இப்போது அப்பா ரப்பர் விளையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி 2 வருட ஒப்பந்த வேலை தருகிறது. அவர்களுக்கு டொராண்டோவிலும் ஆபீஸ் உண்டு என்பதால் இந்த நாள்களும் கனடாக் கணக்கில் சேரும் என்கிறார்கள். இந்த மார்ச்சில் 3 வருடம் முடிகிற அன்றைக்கே டிக்கெட் பார்த்திருக்கிறேன். பிஆர் போய்விடுமா? ஊரில் வேறு என்னென்ன சொல்வார்களோ.
ஆர்., மிசிசாகா

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்வார்கள். நான் கனடாவிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த வாரம் வழக்கமான மீன்காரம்மா சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே, "மக்ளே, அங்க உள்ள வேல போச்சா?" என்றார். ஆமா என்றேன். 2 சாளை கூடுதலாக விழுந்தது. அதோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

2 வருடத்தில் பிஆர் போகாது. எந்த 5 வருடத்தை எடுத்தாலும் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. 2028 மார்ச்சைத் தாண்டியும் இங்கேயே இருந்தால் பழைய நாள்கள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். 2029 தொடக்கத்தில் 730க்குக் கீழே போய்விடும். பிஆர் கார்டின் தேதியையும் பாருங்கள். கார்டு காலாவதியானால் பிஆர் போய்விடாது, ஆனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இங்கிருந்தே பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

டொராண்டோ ஆபீஸ் கதையை நம்ப வேண்டாம். நான் நம்பியவன். எனக்கும் கனடாவில் கிளை உள்ள கம்பெனிதான். நாள் சேரும் என்று ஒரு முகவர் அடித்துச் சொன்னார். 4 வருடம் கழித்துப் பயண ஆவணம் கேட்டபோது வந்த கடிதம் இரண்டே பத்தி: உங்களை வேலைக்கு எடுத்தது இந்தியாவில், கனடாவிலிருந்து யாரும் அனுப்பவில்லை. கனடாக் கம்பெனியில் முழுநேர வேலையில் இருந்து, அவர்களே தற்காலிகமாக இங்கே பணியில் அமர்த்தினால்தான் அந்த நாள்கள் சேரும். இப்போதைய முதலாளி அப்படி எழுத்தில் அனுப்புவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள் வேண்டும். கல்யாணத்துக்கு வந்த நாள்களைக் கழித்தால் மார்ச்சில் உங்களிடம் சுமார் 1,060. அந்த 35 நாளைத் திரும்பி வந்து இருந்துகொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகாது. 2028 மார்ச்சிலிருந்து அங்கே ஒரு நாள் இருந்தால் முன்னால் ஒன்று சேரும், 2023இன் ஒரு நாள் பின்னால் விழும். எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த 2025 ஜனவரி கணக்கிலிருந்து வெளியேறும்போதுதான் ஏறும், அதாவது 2030 தொடக்கத்தில். இப்போது 35 நாள் பொறுக்காவிட்டால் பிறகு ஏறக்குறைய 2 வருடம் காத்துக் கிடக்க வேண்டும். கிளம்புவதை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளுங்கள். கையில் ஒரு வாரம் அதிகமாக வைத்துக்கொண்டு, 2025ஆம் வருட வரிக்கணக்கையும் போட்டுவிட்டு, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் நீங்கள் கனடாவில் இருந்தாக வேண்டும். அந்த டிக்கெட் செலவை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

கனடாக் குடிமகன் ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை எடுத்துக்கொண்டால் இங்கே வேலை பார்க்கத் தடை இல்லை. ஆனால் தோட்டமோ விவசாய நிலமோ விலைக்கு வாங்க முடியாது; வாரிசுரிமையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அப்பா விளையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று, உறுதிமொழிக்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தங்கச்சியும் இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்ததும், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றுங்கள். வரிக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் இருந்து திரும்பியவர்களுக்கு முதலில் கிடைக்கும் சலுகை, 3 வருடம் மட்டும் வெளியே இருந்த உங்களுக்குப் பொருந்தாது.

அதுவரை தங்கச்சி வீட்டுக்காரர் பால்வெட்டுக்காரருக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் வந்தாலும், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) மரத்தில் பிளாஸ்டிக் ஒட்ட நேரம் இருக்கும்.