ரசாயனக் கசிவு நடந்த இடத்துக்குப் போகும் தீயணைப்பு வீரர்களுக்கு என்ன பயிற்சி தருவார்கள்?

முதல் பாடமே அவசரப்பட்டு உள்ளே ஓடாதே என்பதுதான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக, மேட்டில், தள்ளி நிற்கப் பழக்குவார்கள். ஏனென்றால் சில வாயுக்கள் காற்றைவிடக் கனம்; உதாரணமாக, குளோரின் வாயு காற்றைவிடச் சுமார் 2.5 மடங்கு கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும்.

அப்புறம், கசிவது என்ன என்று கண்டுபிடிப்பது. டேங்கர் லாரியில், ஏற்றியிருக்கும் பொருள் எது என்று காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும்; அதைத் தூரத்திலிருந்தே பைனாகுலரில் படிக்க வேண்டும்: 1203 என்றால் பெட்ரோல், 1017 என்றால் குளோரின். இது தெரியாமல் தண்ணீர்கூட அடிக்கக் கூடாது, சோடியமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடித்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. முதலில் போய்ச் சேருபவர் பொருளை அடையாளம் கண்டு, தகவல் சொல்லி, ஆட்களை அப்புறப்படுத்தினால் போதும்; வால்வை மூடுவது, ஓட்டையை அடைப்பதெல்லாம் உடல் முழுக்க மூடிய கவச உடை போட்ட நிபுணர் வேலை. அந்த உடைக்குள் வெக்கை தாங்காது, தடித்த கையுறையோடு ஒரு போல்ட்டைத் திருகுவதே பெரும்பாடு, அதனால் காலி சிலிண்டரில் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள்.

என்னைக் கேட்டால், கொஞ்சமும் அலட்சியம் கூடாதது கழுவும் பயிற்சியில்தான். வெளியே வந்ததும் உடையைக் கழுவிவிட்டுக் கழற்றாவிட்டால், ஒட்டியிருக்கும் ரசாயனம் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போகும்.