வாசகர் கேள்வி–பதில்: தாய்க்கலமும் தோணியும்

கேள்வி: அப்போலோ பயணங்களில் நிலவுக்குச் சென்றவர்கள் 12 பேர் என்று ஓரிடத்திலும் 24 பேர் என்று வேறோர் இடத்திலும் படித்தேன். எது சரி? முதலில் சென்றவர் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்தானே?
– வாசகர், தென்காசி

பதில்: இரண்டு எண்ணிக்கையும் சரியானவையே. நிலவு வரை சென்றவர்கள் 24 பேர். அவர்களுள் 1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை அதன் தரையில் நடந்தவர்கள் 12 பேர். ஜேம்ஸ் லவல், ஜான் யங், யூஜின் செர்னன் ஆகிய மூவரும் இருமுறை சென்றவர்கள். இவர்களில் இருமுறை போயும் தரையில் இறங்க வாய்க்காதவர் லவல் மட்டுமே.

ஆர்ம்ஸ்ட்ராங் முதலில் கால் பதித்தவர். முதலில் சென்றவர் அல்லர். அந்தப் பெருமை 1968 டிசம்பர் 21 அன்று அப்போலோ 8 கலத்தில் புறப்பட்ட ஃபிராங்க் போர்மன், லவல், வில்லியம் ஆண்டர்ஸ் ஆகியோருக்கு உரியது. என்னைக் கேட்டால், அப்போலோ 11-ஐ விடத் துணிச்சலான பயணம் இதுதான். அவர்களைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட் அதற்கு முன் இரண்டே முறை, அதுவும் ஆளில்லாமல், பறந்திருந்தது. அவற்றுள் இரண்டாவது முறை இரண்டாம் அடுக்கின் ஐந்து எஞ்சின்களில் இரண்டு இடையிலேயே நின்றுபோயின, மூன்றாம் அடுக்கின் எஞ்சின் மறுபடி எரியவே இல்லை. அப்போலோ 8 முதலில் பூமியைச் சுற்றிவருவதற்காகவே திட்டமிடப்பட்டது. நிலவில் இறங்குவதற்கான கலம் தயாராவதில் தாமதம் ஏற்பட்டதால், அது இல்லாமலேயே நிலவைச் சுற்றி வரலாம் என்று 1968 ஆகஸ்டில் ஜார்ஜ் லோ என்ற நாசா அதிகாரி யோசனை சொன்னார். நான்கே மாதங்களில் மூவரும் நிலவை 10 முறை சுற்றிவிட்டு, டிசம்பர் 27 அன்று பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள். சுற்றுப்பாதையில் நுழையவும் அதிலிருந்து வெளியேறவும் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய எஞ்சின். பூமியோடு வானொலித் தொடர்பு அற்றுப்போகும் நிலவின் மறுபக்கத்தில்தான் அதை இருமுறையும் இயக்க வேண்டியிருந்தது.

கேள்வி: மூன்று பேரும் ஒரே கலத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாமே? ஒருவரை மேலே தனியாகச் சுற்றவிட்டு இருவர் மட்டும் இன்னொரு கலத்தில் இறங்கியது ஏன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: எடைதான் காரணம். பூமியின் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது தேவைப்படும் வெப்பக் கவசமும், கடலில் இறங்கத் தேவைப்படும் பாராசூட்டுகளும், ஊர் திரும்புவதற்கான எரிபொருளும் நிலவின் தரையில் எதற்கும் பயன்படாதவை. அவற்றைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றுவதென்றால் சாட்டர்ன் 5-ஐயும் மிஞ்சிய ஒரு ராக்கெட் வேண்டும். கப்பலை ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டுத் தோணியில் கரைக்குப் போவதைப் போல, தாய்க்கலத்தை நிலவின் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு ஒரு சிறு கலத்தில் மட்டும் இறங்கினால் இந்தச் சுமை பெரிதும் குறைந்துவிடும்.

யோசனை எளிது, அதை ஏற்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நிலவின் சுற்றுப்பாதையில் இரு கலங்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து இணைய வேண்டும், தவறினால் கீழே சென்றவர்களுக்கு மீட்சியே இல்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம். அமெரிக்கர் ஒருவர்கூட அதுவரை விண்வெளியில் இரு கலங்களை இணைத்ததில்லை என்பதால் அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் மேலதிகாரிகளின் வரிசையைத் தாண்டி, 1961 நவம்பரில் நாசாவின் உயர் அதிகாரி ராபர்ட் சீமன்ஸுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். ராக்கெட் வல்லுநர் வெர்னர் ஃபான் பிரவுன் 1962 ஜூனில் இந்த வழியை ஏற்றார். அடுத்த மாதமே நாசா முடிவை அறிவித்தது. இறங்கு கலமும் இரண்டு பகுதிகளாகவே கட்டப்பட்டது. இறங்கிய கீழ்ப்பகுதி ஏவுமேடையாக நின்றுவிட, மேற்பகுதி மட்டுமே திரும்பி எழுந்தது. ஆறு இறங்குதல்களின் கீழ்ப்பகுதிகளும் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

கேள்வி: அப்போலோ 13-இல் வெடித்தது எது? அவர்கள் உயிர் தப்பியது அதிர்ஷ்டத்தால்தானா?
– வாசகர், ஈரோடு

பதில்: வெடித்தது தாய்க்கலத்தின் இரண்டாம் ஆக்சிஜன் தொட்டி. அதன் சூடேற்றியைக் கட்டுப்படுத்தும் வெப்பச் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கு மட்டுமே தாங்குபவை. ஆனால் ஏவுதளத்தில் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது 65 வோல்ட். சோதனைக்குப் பின் தொட்டியைக் காலிசெய்ய வழக்கமான வழி பலிக்காததால், சூடேற்றியைப் பல மணி நேரம் ஓடவிட்டார்கள். சுவிட்சுகள் ஒட்டிக்கொண்டன, உள்ளே கம்பிகளின் உறை கருகியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1970 ஏப்ரல் 13 அன்று, பூமியிலிருந்து ஏறத்தாழ 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் அந்தத் தவறு வெடித்தது.

லவல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹேஸ் மூவரும் இறங்கு கலத்துக்குள் புகுந்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் இருப்பதற்காகக் கட்டப்பட்ட அந்தத் தோணி, மூன்று பேரை ஏறக்குறைய நான்கு நாள் காத்தது. பாதையைத் திருத்தியதும் அதன் எஞ்சின்தான். கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் சதுரமாகவும் இறங்கு கலத்தில் வட்டமாகவும் இருந்ததால், பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஒன்றை மற்றதோடு பொருத்தினார்கள். ஏப்ரல் 17 அன்று கரைசேர்ந்தார்கள். அதிர்ஷ்டம் வேறு விதமாக வந்தது: தொட்டி போகும் வழியிலேயே வெடித்தது. நிலவில் இறங்கித் திரும்பிய பின் வெடித்திருந்தால், அடைக்கலம் புகக் கலம் இருந்திராது. இறங்கு கலமே இல்லாமல் போன அப்போலோ 8-இல் இது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சோவியத் நாட்டவர் ஏன் மனிதரை நிலவுக்கு அனுப்பவில்லை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முயன்றார்கள், ராக்கெட் ஏமாற்றிவிட்டது. தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலெவ் 1966 ஜனவரியில் இறந்துபோனார். அவர் தொடங்கிய என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவை அனைத்தையும் சேர்த்துத் தரையில் ஒருமுறைகூட இயக்கிப் பார்க்கவில்லை. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோற்றன. 1969 ஜூலை 3 அன்று நடந்த வெடிப்பில் ஏவுமேடையே அழிந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களும் அதே தோணி வழியைத்தான் தேர்ந்திருந்தார்கள். ஒரே ஒருவர் இறங்கும் சிறு கலம். தாய்க்கலத்திலிருந்து அதற்குள் செல்ல அவர் விண்வெளியில் வெளியே வந்து நடக்க வேண்டும். அந்தச் சிறு கலத்தை 1970, 1971 ஆண்டுகளில் மூன்று முறை ஆளில்லாமல் பூமியின் சுற்றுப்பாதையில் சோதித்தபோது அது நன்றாகவே இயங்கியது.