ஊசி போட்ட ஐந்தாம் நாளே கோமாரி வந்தது: ஊசிதான் காரணமா?

"முகாமில் கோமாரி (கால், வாய் நோய்) ஊசி போட்ட ஐந்தாம் நாளே என் பசு வாயில் நுரை தள்ளுகிறது, ஊசியால்தான் நோய் வந்ததா, இனி ஊசி போட்டு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசியால் வரவில்லை. இதே கேள்வியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊருக்கு வந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டவன் நான்; கேட்டேன் என்பதைவிட, பத்துப் பேர் பார்க்க அவரோடு சண்டையிட்டேன் என்பதே சரி. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள தொழுவத்தில் அப்போது ஒரு பழைய பசு மட்டும் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் முகாம் ஒன்றையும் விடாமல் நான்கு ஆண்டுகளாக அதற்கு ஊசி போட்டு வந்தோம். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய வாரத்தில், வெளி மாவட்டச் சந்தையிலிருந்து ஒரு கலப்பினப் பசுவை மூன்று வாரக் கன்றோடு வாங்கி வந்தேன். காதில் வில்லை கிடந்தது, ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று விற்றவர் சொன்னார், நான் நம்பினேன். வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்துப் பதிவைப் பார்க்கச் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் முகாம் வந்தது, இரண்டு பசுக்களுக்கும் ஊசி போட்டோம். ஐந்தாம் நாள் புதுப் பசுவின் கடைவாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் மேல்தோல் உரிந்து என் விரலோடு வந்தது. குளம்புப் பிளவில் புண் வைத்து நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி உதறியது. ஒன்பது லிட்டர் கறந்த பசு ஒரு லிட்டருக்கு வந்தது.

கன்றின் வாயில் ஒரு புண்கூட இல்லாததால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை பால் குடிக்க அவிழ்த்துவிட்டேன்; நான்கு அடி ஓடியது, முன்னங்கால் மடங்கி விழுந்தது, எழவில்லை. மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்து அதன் இதயத்தை எனக்குக் காட்டினார். சிவந்த தசையின்மேல் வெளிறிய மஞ்சள் கோடுகள், புலியின் வரிகளைப் போல ஓடியிருந்தன. அந்த இடத்தில்தான் நான் அவரைப் பார்த்து, "நீங்கள் போட்ட ஊசிதான் இதைக் கொன்றது" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. அன்று மாலை மீண்டும் வந்து, திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். நான் மருத்துவம் படித்தவன் அல்லேன். அவர் சொல்லிப் புரிந்துகொண்டதையும், பிறகு தேடி வாசித்ததையும்தான் எழுதுகிறேன், படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தலாம். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது உடலில் பெருகாது, நோயை உண்டாக்காது. நோய்க்கிருமி உள்ளே புகுந்து 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி காட்டும் என்பதால், சந்தையிலோ வழியில் லாரியிலோ என் பசு அதை வாங்கி வந்திருக்க வேண்டும். ஊசியின் பலன் அன்றே கிடைப்பதில்லை. முதல் முறை ஊசி போடும் மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேவையான அளவு ஏற ஒன்றிரண்டு வாரமாகும், ஏறக்குறைய நான்காம் வாரத்தில் உச்சத்தை எட்டும், பிறகு இறங்கத் தொடங்கும். முதல் ஊசியில் கிடைத்தது விரைவாகவே கரைந்துவிடும் என்பதால்தான் ஒரு மாதத்தில் ஊக்க ஊசியும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியும் போடச் சொல்கிறார்கள்.

என் பழைய பசுவே இதற்குச் சாட்சி. அதே தொழுவம், அதே தண்ணீர்த் தொட்டி, அதே நோய். நாக்கில் ஒரே ஒரு கொப்புளம், ஒரு நாள் தீனி எடுக்கவில்லை, மூன்று நாள் பால் குறைந்தது, அவ்வளவுதான். பலமுறை ஊசி பெற்ற உடலுக்கு அந்தக் கிருமி நினைவில் இருக்கும். மீண்டும் கண்டவுடன் எதிர்ப்பை விரைந்து திரட்டிவிடும். கன்றின் இதயத்தைத் தாக்கியதும் இதே வைரஸ்தான்; அது இறந்ததன் காரணமும் இதில்தான் இருக்கிறது. தாய்க்கு ஈனுவதற்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருந்திருந்தால் சீம்பால் வழியாகக் கன்றுக்குப் போயிருக்கும். ஈன்று ஒரு மாதம் கழித்துத் தாய்க்குப் போட்ட ஊசி அந்தக் கன்றுக்கு உதவவில்லை. சீம்பாலில் கிடைக்கும் அந்தக் காப்பு, ஊசி உடலில் வேலை செய்வதைத் தடுக்கும் என்பதால்தான் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகே முதல் ஊசி போடுகிறார்கள்.

ஊசி ஒருபோதும் தவறாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வைரஸ் வகைகள் உள்ளன. ஒரு வகைக்கான காப்பு மற்றொன்றுக்கு உதவாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். நன்றாக ஊசி போட்ட மாட்டின் தொண்டையிலும் வைரஸ் தங்கலாம். ஆனால் இவையெல்லாம் ஊசியை இன்னும் ஒழுங்காகப் போடுவதற்கான காரணங்களே தவிர, கைவிடுவதற்கானவை அல்ல. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசமாகவே போடப்படுகிறது. பால் குறையும் என்று அஞ்சி முகாம் நாளில் மாட்டைத் தோட்டத்துக்குள் ஓட்டிச் செல்பவர்களையும், நோய் கண்ட மாட்டின் வாயைக் கழுவி இரவோடு இரவாக வியாபாரிக்குத் தள்ளிவிடுபவர்களையும் எங்கள் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு மாட்டு லாரிகள் போய்க்கொண்டே இருக்கும் மாவட்டத்தில் இப்படிச் செய்வது எத்தனை வீட்டுத் தொழுவத்தை அழிக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

என் புதுப் பசு பிழைத்தது. ஆனால் புண் ஆறிய பிறகும் வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும், முடி நீண்டு கரடுதட்டிவிட்டது, பழைய கறவை திரும்பவில்லை. உங்கள் பசுவுக்கு அந்த நிலை வராமலிருக்க இன்றே மருத்துவரை அழையுங்கள், அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கன்று இருந்தால், வாயில் புண் இல்லையென்றாலும் உடனே தாயிடமிருந்து பிரித்து வேறிடத்தில் கட்டுங்கள். நோயுற்ற தாயின் பாலிலும் வைரஸ் இருக்கும். காய்ச்சி ஆற்றிய பாலைப் புட்டியில் கொடுங்கள். நான் பிரிக்கவில்லை.