கடைக்கு டொமைன் பெயர் எடுக்கும் முன்: கேள்வி பதில்

டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், எடுப்பது பற்றிச் சிறு தொழில் நடத்துகிறவர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஈரோடு, மசாலா வியாபாரம்: சார், எங்கள் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு 'ஈரோடு மஞ்சள் ஆன்லைன்' என்று டொமைன் எடுத்தால் கூகுளில் முதலில் வருவோம் என்கிறார்கள். உண்மையா?

ஒரு காலத்தில் அதற்குப் பலன் இருந்தது. ஆட்கள் தேடும் சொல்லையே டொமைனாக வைத்துக்கொண்டு, உள்ளே உருப்படியாக எதுவும் இல்லாத தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தை 2012 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்தது. அதற்கப்புறம் பெயரை மட்டும் நம்பி மேலே வர முடியாது. தவிர, ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது அந்த வட்டாரத்து விவசாயிகள் எல்லோருக்கும் சொந்தமான பெயர், உங்கள் கடையைத் தனியாக அடையாளம் காட்டாது. நாளைக்கு மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் விற்கத் தொடங்கினால் அந்த டொமைனே உங்களுக்கு இடைஞ்சலாகிவிடும். பிராண்ட் பெயரிலேயே எடுங்கள். மஞ்சளைப் பற்றித் தளத்துக்குள் நன்றாக எழுதுங்கள்.

மதுரை, ஜவுளிக்கடை: அண்ணா, கடைப் பெயர் 'சக்தி' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் போடுவது என்று வீட்டிலேயே சண்டை.

தமிழ்ப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை இதுதான், இதை யாரும் போதிய அளவுக்கு யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். முதலில் வெறும் எஸ் போடுவதா, எஸ்ஸுக்குப் பின்னால் எச் சேர்ப்பதா? கடைசியில் டி மட்டுமா, டி எச்சா? ஒரே பெயருக்கு இப்போதே நாலு வடிவம் வந்துவிட்டது. 'எழில்', 'யாழ்' மாதிரிப் பெயர் என்றால் ழகரத்துக்கு இசட் எச் போடுகிறவர்களும் உண்டு, எல் போடுகிறவர்களும் உண்டு. நெடில் வந்தால் ஒருவர் ஏ என்ற எழுத்தை ஒரு தடவை அடிப்பார், இன்னொருவர் இரண்டு தடவை அடிப்பார். வாடிக்கையாளர் பெயரைக் காதால் கேட்டுத்தான் நினைவில் வைத்திருப்பார். அவர் விரல் எந்த வடிவத்தை அடிக்கும் என்பதுதான் கணக்கு.

உங்கள் கடை ஏற்கெனவே நடப்பதால் முடிவு சுலபம். பெயர்ப்பலகையிலும் பில்லிலும் கட்டைப்பையிலும் என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எடுங்கள். அடுத்தபடியாக அதிகம் பேர் அடிக்கக்கூடிய வடிவத்தையும் வாங்கி, அதைத் தட்டினால் முதல் தளத்துக்கே வரும்படி திருப்பிவிடுங்கள். நாலையும் வாங்கத் தேவையில்லை, இரண்டு போதும்.

இனிமேல்தான் பெயர் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரே மாதிரி எழுதப்படும் பெயராகத் தேடுங்கள். 'மலர்', 'அருவி' போன்றவற்றைப் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டிக் காட்டாமல், வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். வருகிற பதில்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திருப்பூர், பின்னலாடை: டாட் காம் போய்விட்டது. டாட் கோ எடுக்கலாமா, டாட் இன் எடுக்கலாமா?

டாட் இன் எடுங்கள். டாட் கோ கொலம்பியா நாட்டுக்கு உரியது. சட்டப்படி அதில் தவறு எதுவும் கிடையாது, ஆனால் மக்களுக்குக் கை தானாக 'காம்' என்றே அடிக்கும். அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2011ல் தன்னை 'ஓ டாட் கோ' என்று மாற்றிக்கொண்டு விளம்பரம் செய்தது. ஆட்கள் 'ஓ டாட் காம்' என்று அடித்துத் தடுமாறியதால் பழைய பெயருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய விளம்பரச் செலவாலேயே மாற்ற முடியாத பழக்கம் அது.

டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2005லிருந்து யார் வேண்டுமானாலும் எளிதாக எடுக்கலாம், இந்தியாவில் எல்லோருக்கும் பழகிப்போன முடிவுதான். வங்கிகளையே 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொல்லி 2025ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். அந்த டாட் காம் யாரிடம் இருக்கிறது? வேறு நாட்டில் வேறு தொழில் செய்கிறவர் என்றால் பரவாயில்லை. அதே பின்னலாடைத் தொழிலில் இருக்கிறவர் என்றால் பெயரையே மாற்றுங்கள். உங்கள் வாடிக்கையாளரின் மின்னஞ்சல்கூட அவருக்குப் போய்ச் சேரும்.

கோயம்புத்தூர், உதிரிபாகம்: தளம் செய்து கொடுத்த தம்பி அவர் பெயரிலேயே டொமைன் எடுத்திருக்கிறார். வருடா வருடம் பணம் கொடுத்து வருகிறேன். பிரச்சினை வருமா?

ஐயா, இந்தத் தொகுப்பில் மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடச் சொல்வேன். கட்டிய கொத்தனார் பெயரில் வீட்டுப் பட்டா இருந்தால் எப்படியோ அப்படித்தான் இது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தொழிலை விட்டுவிட்டால், வெளிநாடு போய்விட்டால், உடம்புக்கு முடியாமல் போனால், உங்கள் தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றுபோகும். பணம் கொடுத்தது நீங்கள்தான் என்றாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். சண்டை வந்தால் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பதிவு நிறுவனத்தில் (டொமைன் விற்கும் நிறுவனம்) எடுத்தாரோ அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறங்கள். டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். இது பெரிய வேலை இல்லை, தளமும் நிற்காது. வேறு நிறுவனத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்றால் 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீட்டை அவர் தர வேண்டும். டாட் காம் போன்றவற்றில் புதிதாகப் பதிந்த பின்னும் உரிமையாளர் பெயரை மாற்றிய பின்னும் 60 நாள் பூட்டு விழுவது வழக்கம், அதுவரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, அதனால் அவசரத்துக்கு அந்த வழி உதவாது.

கணக்கு மாறியதும் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர், நிறுவனப் பெயர், உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் செத்துவிடும், எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வராது. தனி ஜிமெயில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். தளத்தைப் பராமரிக்கத் தம்பிக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும்.

தூத்துக்குடி, கருவாடு: அண்ணா, டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். போய்விட்டதா?

இன்றைக்கே கணக்கைத் திறந்து பாருங்கள். டாட் காம் என்றால் காலாவதியான பின்னும் பெரும்பாலான நிறுவனங்கள் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க விடும். அது தாண்டி நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கூடுதல் கட்டணம் கனமாக இருக்கும். அதற்கும் பின்னால் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சில நிறுவனங்கள் இதற்கெல்லாம் முன்பே ஏலத்துக்கு விட்டுவிடும், தாமதிக்காதீர்கள். கிடைத்ததும் பல வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அதிகபட்சம் 10 வருடம் வரை கட்டலாம்.

சேலம், ஊறுகாய்: டொமைன் கையில் இருந்தால் அந்தப் பெயர் எனக்கே சொந்தம்தானே?

இல்லை. டொமைன் பதிவு வேறு, வணிகச் சின்ன (டிரேட்மார்க்) பதிவு வேறு. நல்ல உதாரணம் சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம். அவர்கள் 'சிஃபி' என்ற பெயரில் டொமைன்கள் வைத்திருந்தார்கள். இன்னொரு நிறுவனம் 'சிஃப்பிநெட்' என்று டொமைன் எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வணிகச் சின்னத்துக்குப் பொருந்தும் விதிகள் டொமைனுக்கும் பொருந்தும் என்று 2004ல் சத்யம் பக்கம் தீர்ப்பு வந்தது. அதாவது உங்கள் பெயர் ஏற்கெனவே ஒருவர் நிலைநாட்டிய பெயரைப் போல ஒலித்தாலே டொமைன் கைவிட்டுப் போகலாம்.

வாங்கும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் பெயரையும் அதே ஓசையுள்ள பெயர்களையும் போட்டுப் பாருங்கள். அங்கே பொருட்களைப் பிரிவு பிரிவாக வைத்திருப்பார்கள், மசாலா, மாவு வகைகள் 30ஆம் பிரிவில் வரும். ஊறுகாயைப் பொறுத்தவரை 29ஆம் பிரிவையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது.

சென்னை, மென்பொருள்: டாட் ஐஓ, டாட் ஏஐ எல்லாம் நவீனமாகத் தெரிகிறதே?

இரண்டுமே நாட்டுக் குறியீடுகள். ஏஐ கரீபியத் தீவான ஆங்குவிலாவுக்கு உரியது, குறைந்தது 2 வருடம் சேர்த்து வாங்க வேண்டும், விலையும் அதிகம். ஐஓ சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தச் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனபின் அதன் 'டாட் யூ' 2010ல் நீக்கப்பட்டது. ஐஓவுக்கும் அதே கதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 20 வருடம் நடத்த நினைக்கும் தொழிலை அதன்மேல் மட்டும் வைக்க மாட்டேன்.

யாழ்ப்பாணம், பனைப் பொருட்கள்: அண்ணா, டாட் எல்கே எடுக்கிறேன். முழுக்கத் தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் பெயரும் எடுக்கலாமோ?

எடுங்கள், சந்தோஷமாக எடுங்கள். தமிழ் எழுத்திலேயே நம் கடை முகவரி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும்கூட அப்படித் தமிழ் முடிவுகள் உண்டு. ஆனால் அதை இரண்டாவது முகவரியாக வைத்து டாட் எல்கே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. சில இடங்களில் ஒட்டினால் எக்ஸ் என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாறித் தெரியும், வாங்க வந்தவர் மோசடி இணைப்பு என்று பயந்துவிடுவார்.

தஞ்சாவூர், கலைப்பொருட்கள்: விரும்பிய பெயருக்குத் தரகர் இரண்டு லட்சம் கேட்கிறார்.

இப்போது வேண்டாம். ஃபேஸ்புக் முதலில் 'தி' சேர்த்த பெயரில்தான் இயங்கியது, 2005ல்தான் 2 லட்சம் டாலர் கொடுத்து அதை விட்டது. டெஸ்லாவும் 2016 வரை 'டெஸ்லா மோட்டார்ஸ்' என்ற டொமைனில்தான் இருந்தது. உங்கள் பெயருடன் ஊரையோ தொழிலையோ சேர்த்து எடுங்கள், அந்தப் பணத்தை நல்ல புகைப்படத்துக்கும் சரக்குக்கும் போடுங்கள்.

நாகர்கோவில்: நடுவில் சிறு கோடு, எண் போடலாமா?

தவிர்க்கலாம். போனில் சொல்லும்போது இரண்டுமே குழப்பும். எண்ணை எழுத்தால் எழுதுவதா, இலக்கமாகவா என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும்.